நாள் தள்ளிப்போனால்

(கடலூரிலும் சிதம்பரத்திலும் மகளிர் கூட்டங்களில் பேசியதன் எழுத்து வடிவம். பேசியவர் ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்.)

முன்வரிசையில் இருக்கும் பாட்டிமார்களுக்கு ஒரு பேச்சு நன்றாகப் பழக்கம். "மருமவ முழுகாம இருக்கா." ஒரு பெண் கருவுற்றிருக்கிறாள் என்று சொல்ல நம் பக்கத்தில் இதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டியிருக்கவில்லை. மாதவிலக்கு முடிந்தால் தலைக்கு ஊற்றிக்கொண்டு வீட்டுக்குள் வர வேண்டும். இந்த மாதம் அவள் தலைக்கு ஊற்றவில்லை. அப்படியானால் வயிற்றில் பிள்ளை. முடிந்தது கணக்கு.

அழகான சொல்தான். ஆனாலும் பரங்கிப்பேட்டைப் பக்கமும் புவனகிரிப் பக்கமும் வேலை பார்த்த காலமெல்லாம் நான் இந்தச் சொல்லோடுதான் மல்லுக்கட்டினேன். ஏனென்றால் முழுகாமல் இருக்கிற எல்லாரும் பிள்ளை உண்டானவர்கள் இல்லை. பிள்ளை உண்டான எல்லாரும் முழுகாமல் இருப்பதும் இல்லை. இந்த இரண்டு வரியைத்தான் இன்றைக்கு விரித்துச் சொல்லப்போகிறேன். கூச்சப்பட வேண்டாம். ஆண்கள் எழுந்து போக வேண்டாம். பாதி விஷயம் உங்களுக்குத்தான்.

துணை சுகாதார நிலையத்துத் திண்ணையில் ஒரு பெண் வந்து உட்காருவாள். உடனே வாயைத் திறக்க மாட்டாள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் தடுப்பூசி, சத்து மாத்திரை என்று சுற்றி வளைத்துவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தி, "நர்சம்மா, நாள் தள்ளிப்போச்சு" என்பாள். "கடைசியா எப்பம்மா ஆச்சு?" என்று கேட்பேன். தேதி வராது. "மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் போனமே, அதுக்கு மூணு நாள் கழிச்சு" என்பாள் ஒருத்தி. "ஆனித் திருமஞ்சனம் தேர் அன்னிக்கு" என்பாள் இன்னொருத்தி. நான் காலண்டரைப் புரட்டித் திருவிழாவைத் தேதியாக மாற்றி எழுதிக்கொள்வேன். இந்தப் பக்கத்துப் பெண்களுக்குக் கடலும் கோவிலும்தான் நாட்காட்டி. அதில் தப்பில்லை. திருவிழா இல்லாத மாதங்களில் மட்டும் கணக்கு விட்டுப்போகும்.

இந்தத் தேதியை ஏன் இப்படித் துருவித் துருவிக் கேட்கிறோம் என்று சொல்கிறேன். 28 நாளுக்கு ஒருமுறை என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருக்கும். 21 நாளிலிருந்து 35 நாள் வரை எதுவானாலும் இயல்புதான். ஒரே பெண்ணுக்கே மாதத்துக்கு மாதம் நாலைந்து நாள் முன்பின் ஆகும். சினைமுட்டை வெளியானதிலிருந்து ஏறக்குறைய 14 நாளில் மாதவிலக்கு வரும். இந்தப் பின்பாதி அவ்வளவாக மாறாது, மாறுவது முன்பாதிதான். பரீட்சை, காய்ச்சல், பட்டினி, வீட்டில் ஒரு சாவு, ராத்திரி ஷிப்ட் வேலை, சட்டென்று கூடிய எடை, சட்டென்று இறங்கிய எடை எல்லாம் முட்டை வெளியாவதைத் தள்ளிப்போடும். முட்டை பத்து நாள் தள்ளினால் விலக்கும் பத்து நாள் தள்ளும். ஆகவே இன்றைக்கு விலக்கு வரவில்லை என்றால், காரணத்தை இரண்டு மூன்று வாரத்துக்கு முன்னால் தேட வேண்டும்.

'பாதுகாப்பான நாள்' என்று விரல் விட்டு எண்ணுகிறவர்கள் கவிழ்வதும் இங்கேதான். ஆணின் விந்தணு பெண்ணின் உடம்புக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். முட்டைக்கு ஆயுள் ஒரு நாள். முட்டை எப்போது வரும் என்று முன்கூட்டித் தெரிந்தால்தான் எண்ணிக்கை பலிக்கும். அதுவே தள்ளிப்போனால், பாதுகாப்பு என்று நினைத்த நாள்தான் கருத்தரிக்கும் நாளாக இருக்கும்.

தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி, பால் கொடுக்கும் காலம், நாற்பதுக்கு மேல் விலக்கு நிற்கப்போகும் காலம், மனநலத்துக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள் என்று நாள் தள்ள இன்னும் பல காரணங்கள் உண்டு. சிதம்பரத்துக்கென்றே ஒரு காரணமும் உண்டு. மார்கழித் திருவாதிரை, ஆனித் திருமஞ்சனம், வீட்டில் கல்யாணம், சபரிமலைக்கு மாலை போட்ட கணவன் என்றால் மெடிக்கலில் போய் "தள்ளிப்போடுற மாத்திரை" கேட்பார்கள். அது நார்எதிஸ்டிரோன். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் விலக்கு வந்துவிட வேண்டும். பலருக்கு இது மாத்திரைதானே, கர்ப்பத்தையும் தடுக்கும் என்று ஒரு நினைப்பு. தள்ளிப்போடும் அளவில் சாப்பிடும் இந்த மாத்திரையைக் கருத்தடை என்று நம்பக் கூடாது. திருவிழா முடிந்து மாத்திரையை நிறுத்தி ஒரு வாரமாகியும் விலக்கு வரவில்லை என்றால், "மாத்திரை சூடு" என்று மோர் குடித்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். சோதித்துப் பாருங்கள்.

இனிக் கருத்தடை எங்கே தவறுகிறது என்று பார்ப்போம்.

நூறு பெண்கள் ஒரு வருடம் ஒரு முறையைப் பயன்படுத்தினால் எத்தனை பேர் கருத்தரிப்பார்கள் என்பது மருத்துவ உலகின் கணக்கு. ஆணுறையை ஒருமுறைகூடத் தவறாமல் சரியாகப் பயன்படுத்தினால் 2 பேர், நம் வீடுகளில் நடக்கிற மாதிரி என்றால் 13 பேர். தினசரி மாத்திரையில் சரியாகப் போட்டால் நூற்றில் ஒருவர்கூட இல்லை, மறந்து மறந்து போட்டால் 7 பேர். வெளியே எடுத்துவிடுவது என்கிறார்களே, அதில் 20 பேர். காப்பர் டியில் ஒருவருக்கும் குறைவு. பெண்ணுக்குச் செய்யும் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனில் இருநூறு பேருக்கு ஒருவர்.

இரண்டுக்கும் 13க்கும் நடுவே இருக்கிற 11 பேர் எங்கிருந்து வந்தார்கள்? நான் பார்த்தவரை பாதிக் காரணம் தேங்காய் எண்ணெய். ஆணுறை லேடெக்ஸ் என்ற ரப்பரால் ஆனது. எண்ணெய் பட்டால் சில நிமிடத்தில் நைந்துபோகும். எண்ணெய் வழுக்கும், நல்லதுதானே என்று தடவிக்கொள்கிறார்கள். கிழிந்த பிறகு கம்பெனியைத் திட்டுகிறார்கள். சட்டைப் பையிலும் பர்ஸிலும் மாதக்கணக்கில் வைத்து வெயிலில் வேக விட்டாலும் இதே கதைதான்.

மாத்திரைக்கு வேறு கதை. மாலா என்ற தினசரி மாத்திரை அட்டையில் 28 மாத்திரை இருக்கும். 21 வேலை செய்யும் மாத்திரை, 7 இரும்புச்சத்து. அம்மா வீட்டுக்குப் போனவள் அட்டையை மாமியார் வீட்டு அலமாரியிலேயே வைத்துவிட்டுப் போவாள். ஒரு நாள் விட்டுப்போனால் நினைவு வந்ததும் போட்டுக்கொண்டு தொடரலாம். இரண்டு நாளோ அதற்கு மேலோ விட்டுப்போனால், மாத்திரையைத் தொடர்ந்துகொண்டே ஏழு நாளைக்கு ஆணுறையும் வேண்டும். காசநோய் மாத்திரையில் ரிஃபாம்பிசின் என்று ஒன்று இருக்கிறது. அது கருத்தடை மாத்திரையின் வலுவைக் குறைத்துவிடும். வலிப்பு நோய் மாத்திரைகள் சிலவும் அப்படித்தான். காசநோய்க்கு மருந்து எடுக்கும் பெண்ணிடம் "வேறே என்ன மாத்திரைம்மா போடுற?" என்று கேட்க வேண்டியது எங்கள் வேலை. கேட்காமல் விட்டால், சொல்ல வேண்டியது உங்கள் வேலை.

சாயா என்ற கருத்தடை மாத்திரை லக்னோவில் நம் நாட்டு விஞ்ஞானிகளே கண்டுபிடித்தது. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. சிலருக்கு விலக்கு தள்ளிப்போவது அதன் குணம். பதினைந்து நாளுக்கு மேல் தள்ளினால் சோதிக்க வேண்டும். அந்தரா என்ற கருத்தடை ஊசி மூன்று மாதத்துக்கு ஒன்று. அதில் விலக்கே நின்றுபோவது சகஜம், கெட்ட ரத்தம் உள்ளே தங்குகிறது என்பதெல்லாம் கட்டுக்கதை. ஆனால் அடுத்த ஊசிக்கு வர வேண்டிய தேதி கடந்திருந்தால் விலக்கு வராததை ஊசி மேல் போட்டுவிட்டு இருக்கக் கூடாது.

பால் கொடுக்கிறவரை பிள்ளை நிற்காது என்பது இன்னொரு நம்பிக்கை. குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாமல், தாய்ப்பால் தவிர வேறெதுவும் கொடுக்காமல், விலக்கும் திரும்ப வராமல் இருந்தால், இந்த மூன்றும் சேர்ந்திருக்கும்வரை அது பெருமளவு உண்மை. ஒன்று குறைந்தாலும் நம்ப முடியாது. முதல் விலக்குக்கு முன்னாலேயே முட்டை வந்துவிடும். அப்படி ஒருமுறைகூட முழுகாமலே அடுத்த பிள்ளையைச் சுமந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆணுறை கிழிந்தது, மாத்திரை விட்டுப்போனது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டால் நாள் தள்ளும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அவசர கருத்தடை மாத்திரை இருக்கிறது. லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், ஒரே மாத்திரை. 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. போட்ட இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டும். இது கருவைக் கலைக்கிற மாத்திரை இல்லை. முட்டை வெளியாவதைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். ஏற்கெனவே தரித்துவிட்ட கருவை இது ஒன்றும் செய்யாது.

2005இலேயே மருந்துச் சீட்டு இல்லாமல் இதை விற்கலாம் என்று மத்திய அரசு அனுமதித்துவிட்டது. ஆனால் தமிழ்நாட்டில் பல மருந்துக் கடைகளில் கேட்டால் "வர்றதில்லம்மா" என்பார்கள். பத்திரிகைகள் இதைப் பலமுறை எழுதிவிட்டன. மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தம்பதி புதுச்சேரிக்கு பஸ் ஏறிப் போய் வாங்கி வந்த கதையை என்னிடம் சொன்னார்கள். எதை எதையோ வாங்க ஆண்கள் அந்த எல்லையைத் தாண்டுகிறார்கள். இதற்காகவும் தாண்ட வேண்டியிருப்பதுதான் வெட்கக்கேடு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். ஐந்து நாளுக்குள் டாக்டரிடம் போனால் காப்பர் டி போட்டும் தடுக்கலாம். மாத்திரையைவிட அது உறுதியான வழி, அப்படியே வருடக்கணக்கில் பயன்படும்.

அவசர மாத்திரை போட்ட மாதத்தில் விலக்கு முன்னே வரலாம், பின்னேயும் வரலாம். ஒரு வாரம் வரை தள்ளுவது மருந்தின் வேலை. அதற்கு மேல் தள்ளினால் சோதிக்க வேண்டும்.

சோதனை, சோதனை என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். எப்படிச் செய்வது?

கடையில் கிடைக்கும் சோதனை அட்டை விரல் நீளம் இருக்கும். அரசு தரும் இலவச அட்டைக்கு 'நிச்சய்' என்று பெயர். கரு கருப்பைச் சுவரில் ஒட்டிய பிறகுதான் எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் சுரக்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அது இரட்டிப்பாகும். சேர்ந்த அன்றைக்கு மறுநாளே சிறுநீரைச் சோதித்தால் ஒன்றும் தெரியாது. விலக்கு வர வேண்டிய நாள் கடந்ததும் சோதியுங்கள். விலக்கே ஒழுங்கில்லாதவர்கள், கடைசியாகப் பாதுகாப்பில்லாமல் சேர்ந்த நாளிலிருந்து 21 நாள் எண்ணிக்கொள்ளுங்கள். காலையில் எழுந்ததும் வருகிற முதல் சிறுநீர், சுத்தமான டப்பா, அட்டை உறையில் போட்டிருக்கிற அளவுக்குச் சொட்டு. ஐந்து நிமிடம் பொறுங்கள். ஒரு கோடு வந்தால் இல்லை, இரண்டு கோடு வந்தால் உண்டு. இரண்டாவது கோடு மங்கலாக இருந்தாலும் உண்டுதான். ஒரு கோடும் வரவில்லை என்றால் அட்டை கெட்டது, வேறு வாங்க வேண்டும். சாயந்திரம்வரை வைத்திருந்து பார்க்கிற கோட்டை நம்பாதீர்கள். 'இல்லை' என்று காட்டியும் விலக்கு வரவில்லை என்றால் ஒரு வாரம் கழித்து மறுபடி செய்யுங்கள். அப்போதும் வரவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள்.

இதைச் செய்ய ஐந்து நிமிடம் ஆகும். இதைச் செய்யலாம் என்று முடிவெடுக்க நம் பெண்களுக்கு ஆறு வாரம் ஆகிறது. அந்த ஆறு வாரத்தில் பப்பாளி சாப்பிடுகிறார்கள், எள்ளும் வெல்லமும் சாப்பிடுகிறார்கள், அன்னாசி சாப்பிடுகிறார்கள். எல்லாம் நல்ல உணவுதான். நிலைத்த கருவை இவை கலைக்கும் என்று நம்பி நாளைக் கடத்துவதுதான் நஷ்டம். எருக்கங்குச்சி போன்ற பழைய கொடுமைகளைப் பற்றிப் பேசவே வேண்டாம். அதில் செத்தவர்கள் கணக்கில் வரவே இல்லை.

அடுத்து, வாரக் கணக்கு. குடும்பம் பிரிகிற அளவுக்கு இதில் குழப்பம் உண்டு. காட்டுமன்னார்கோவில் பக்கம் ஒரு வீடு. கணவர் வளைகுடாவில் வேலை. ஊர் வந்து 23 நாள். மனைவிக்கு நாள் தள்ளி, டாக்டர் "ஐந்து வாரம்" என்று சீட்டில் எழுதிவிட்டார். ஐந்து வாரம் என்றால் 35 நாள். அவர் வந்ததோ 23 நாள். வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. என்னைக் கூட்டிப் போனார்கள். ஒரு நோட்டுத்தாளில் கோடு போட்டுக் காட்டினேன். கர்ப்பத்தை டாக்டர்கள் சேர்ந்த நாளிலிருந்து எண்ண மாட்டார்கள், கடைசி விலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவார்கள். அந்தக் கணக்கில் முதல் இரண்டு வாரம் வயிற்றில் ஒன்றுமே கிடையாது. 35இல் 14ஐக் கழித்தால் 21. "நீங்க வந்து இறங்கி ரெண்டு நாள் கழிச்சுண்ணே" என்றேன். அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அப்புறம் மாமியார்தான் எழுந்து போய்க் காபி போட்டார்.

விலக்கு வர வேண்டிய நாளில் வரவில்லை என்றால், மருத்துவக் கணக்கில் அன்றைக்கே நான்கு வாரம். சட்டமும் இந்தக் கணக்கில்தான் நடக்கிறது. அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஓர் ஆபத்தைச் சொல்லிவிட வேண்டும்.

பிள்ளை உண்டான எல்லாரும் முழுகாமல் இருப்பதில்லை என்றேன். நூறு கர்ப்பத்தில் ஒன்றிரண்டு, கருப்பைக்கு வராமல் குழாயிலேயே தங்கிவிடும். அங்கே வளர இடமில்லை, குழாய் வெடிக்கும். இந்தப் பெண்களுக்குப் பல சமயம் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் படும். "நாள் தள்ளி வந்திருக்கு, அப்பாடா" என்று தலைக்கு ஊற்றிக்கொண்டு இருந்துவிடுவார்கள். வழக்கமான விலக்குபோல் இல்லாமல் குறைவாக, கறுப்பாக, விட்டு விட்டுப் பட்டால், அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலித்தால், தோள்பட்டை வலித்தால், தலை சுற்றினால் சோதித்துப் பார்க்க வேண்டும். இரண்டு கோடு வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மயக்கம் வந்தால் 108. காப்பர் டி போட்டவர்களும் ஆபரேஷன் செய்தவர்களும் அபூர்வமாகத்தான் கருத்தரிப்பார்கள். ஆனால் தரித்தால், அது குழாயில் தங்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

கடையில் ரகசியமாக 'கலைக்கிற மாத்திரை' வாங்காதீர்கள் என்று நான் அலறுவதும் இதனால்தான். மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் இரண்டும் நல்ல மருந்துகள், சட்டம் ஒப்புக்கொண்ட மருந்துகள். ஒன்பது வாரம் வரை டாக்டர் பார்த்துக் கொடுக்கலாம். ஆனால் குழாயில் இருக்கிற கர்ப்பத்தை அவை கலைக்காது. ரத்தம் போகும், கலைந்துவிட்டது என்று நிம்மதியாக இருப்பீர்கள், குழாய் உள்ளே பெருத்துக்கொண்டிருக்கும். டாக்டர் பார்ப்பது சீட்டு எழுத மட்டுமில்லை, கரு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவும்தான்.

இப்போது சட்டம். 1971இல் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் வந்தது. கருத்தடை தவறிப் பிள்ளை உண்டானால் அந்த மன வேதனையே கலைக்கப் போதிய காரணம் என்று அந்தச் சட்டம் அன்றைக்கே ஒப்புக்கொண்டது. ஆனால் திருமணமான பெண்ணும் அவள் கணவனும் என்றுதான் எழுதியிருந்தது. 2021 திருத்தத்தில் அது எந்தப் பெண்ணும் அவள் துணையும் என்று மாறியது. 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்துப் போதும். 20க்கு மேல் 24 வரை சட்டம் சொல்லும் சில நிலைகளில் உள்ள பெண்களுக்கு, இரண்டு டாக்டர்கள் கருத்தோடு. 2022 செப்டம்பர் 29இல் உச்ச நீதிமன்றம், திருமணம் ஆகவில்லை என்பதற்காக ஒரு பெண்ணை இதிலிருந்து விலக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. பதினெட்டு வயது ஆன பெண்ணுக்கு அவள் சம்மதம் ஒன்றே போதும். புருஷன் கையெழுத்து, மாமியார் கையெழுத்து எதையும் சட்டம் கேட்கவில்லை. அவள் பெயரை வெளியே சொன்னால் தண்டனை உண்டு. கலைத்துக்கொள்ளுங்கள் என்று யாருக்கும் நான் சொல்ல வரவில்லை. முடிவு அவளுடையது, அதற்கு அவளுக்குக் காலம் வேண்டும், அந்தக் காலத்தைத்தான் ஒளித்து வைத்து வீணாக்குகிறோம் என்கிறேன்.

ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள மணமான பெண்களில் ஏறத்தாழ 58 விழுக்காட்டினர் இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் என்று 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஆண்களில் ஆயிரத்துக்கு ஒருவர் தேறுவதே கஷ்டம். இருநூறில் ஒன்று தவறும் என்று பார்த்தோம். நம் ஊர்ப் பெண்கள் எண்ணிக்கைக்கு அது சின்னக் கணக்கில்லை.

ஹரியானாவில் ஒரு கூலித் தொழிலாளி. ஏழு பிள்ளைகளுக்குத் தாய். 1988இல் அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்துகொண்டார். பிறகு நாள் தள்ளியது. போய்க் கேட்டார், கர்ப்பம் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து வயிறு தெரிய, மறுபடி போனார். ஆபரேஷன் தவறிவிட்டது என்றார்கள். கலைக்கக் கேட்டபோது உயிருக்கு ஆபத்து என்று மறுத்துவிட்டார்கள். பெண் குழந்தை பிறந்தது. ஒரு பக்கக் குழாயை மட்டும்தான் அடைத்திருக்கிறார்கள் என்பது பின்னால் தெரிந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 2000 ஏப்ரலில் 54,000 ரூபாய் இழப்பீடு உறுதியானது. அந்தப் பெண் முதல்முறை போனபோதே சரியாகச் சோதித்திருந்தால் அந்த இரண்டு மாதமும் அவருடையதாக இருந்திருக்கும். 2005இல் அதே நீதிமன்றம், ஆபரேஷன் தவறியது என்பதாலேயே டாக்டர் கவனக்குறைவு என்று ஆகாது, ஒழுங்காகச் செய்ததும் தவறலாம் என்றும் சொன்னது. அதுவும் உண்மைதான்.

ஆபரேஷனுக்கு முன் நீங்கள் கையெழுத்தோ கைநாட்டோ வைத்த சம்மதப் படிவம் நினைவிருக்கிறதா? அதிலேயே ஒரு வரி இருக்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு விலக்கு வராமல் போனால் இரண்டு வாரத்துக்குள் ஆஸ்பத்திரிக்கு வந்து சொல்ல வேண்டும், வேண்டுமானால் இலவசமாகக் கலைத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். எத்தனை பேருக்கு அதைப் படித்துக் காட்டினார்கள்? நானே வாங்கிய கைநாட்டுகளில் எத்தனைக்குப் படித்துக் காட்டினேன் என்று கேட்டால் தலைகுனியத்தான் வேண்டும். அவசரத்தில் மை டப்பாவை நீட்டியிருக்கிறேன். அந்த வரியைச் சொல்லவே இன்றைக்கு ஊர் ஊராக வருகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷன் ஆச்சே, வயசாச்சே, நிற்கப்போகுதுபோல என்று இருந்துவிடாதீர்கள்.

ஆண்கள் செய்துகொள்ளும் ஆபரேஷன் இதைவிடச் சுலபம், தவறுவதும் குறைவு. ஆனால் மறுநாளே பலன் கிடையாது. மூன்று மாதம் ஆணுறை வேண்டும், பிறகு விந்தைச் சோதித்து அதில் விந்தணு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். அதற்குள் மனைவிக்கு நாள் தள்ளினால் சந்தேகப்பட வேண்டியது அந்த மூன்று மாதத்தை.

இந்தப் பேச்சு நம் மண்ணுக்குப் புதிதில்லை. 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் பெரியார் கர்ப்பத்தடைக்கென்றே ஒரு கட்டுரை வைத்தார். நாட்டு வறுமைக்காக என்று மற்றவர்கள் வாதாடிக்கொண்டிருந்தபோது, பெண்ணின் விடுதலைக்காக என்று அவர் வேறு காரணம் சொன்னார். பக்கத்துப் புதுச்சேரியில் பாரதிதாசன் அதைக் கவிதையில் ஆதரித்தார். நூறு வருடம் ஆகப்போகிறது. இன்னமும் ஒரு பெண் மெடிக்கலில் சோதனை அட்டை கேட்டால் அதைக் கறுப்புக் கவரில் சுற்றித்தான் தருகிறார்கள்.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். 2004 சுனாமியில் இந்தக் கரையில் எத்தனை பிள்ளைகளைக் கொடுத்தோம் என்று உங்களுக்குத் தெரியும். ஆபரேஷன் செய்துகொண்டிருந்த தாய்மாருக்குக் குழாயை மறுபடி இணைக்க அரசு உதவியது. அப்படிச் சேர்த்துக்கொண்டு வந்த ஒரு தாய் மாதாமாதம் என் திண்ணைக்கு வருவாள். "நாள் தள்ளியிருக்கு, பாருங்க" என்பாள். பார்ப்பேன். ஒரு கோடு. பேசாமல் எழுந்து போவாள். அதே திண்ணையில், அதே வாரம், அதே அட்டையில் ஒரு கோடு பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டவர்களும் உண்டு. அட்டைக்கு அழவும் தெரியாது, சிரிக்கவும் தெரியாது. உண்டா இல்லையா என்று மட்டும் சொல்லும். அதன் பிறகு என்ன என்பதைப் பெண் தீர்மானிக்கட்டும்.

பிள்ளை வேண்டும் என்பவளுக்கும் சீக்கிரம் தெரிவதில்தான் லாபம். 12 வாரத்துக்குள் பதிந்தால்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி முறையாகக் கிடைக்கும். ஃபோலிக் அமில மாத்திரையும் குழந்தையின் தண்டுவடம் உருவாகும் அந்த முதல் வாரங்களில்தான் வேலை செய்யும்.

தாய்மார்களே, வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். தினம் கிழிக்கிற காலண்டர் வேண்டாம், கிழித்த தாளோடு தேதியும் போய்விடும். மாதக் காலண்டரில் விலக்கான முதல் நாளைப் பேனாவால் வட்டமிடுங்கள். வயதுக்கு வந்த மகளுக்கும் கற்றுக்கொடுங்கள். அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு சோதனை அட்டை இருக்கட்டும். அண்ணன் தம்பிகளே, அந்த அட்டையை வாங்கி வருவது உங்கள் வேலை. கேட்க யாரும் இல்லை என்றால் 104க்கு போன் செய்யுங்கள். துணை சுகாதார நிலையத்தில் என் இடத்துக்கு வந்திருக்கும் பெண்ணிடம் போங்கள். திண்ணையில் உட்கார்ந்ததும் தடுப்பூசியைப் பற்றிக் கேட்காதீர்கள். நாள் தள்ளிப்போச்சு என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.